ஆறு பேர், ஐந்து விதச் சாப்பாடு: மதுரை வீடு ஒன்றின் மளிகைக் கணக்கு

அலுவலகத்தில் அடுத்தவர் கணக்கைச் சரிபார்ப்பது என் வேலை. பத்து ரூபாய்க்கு வவுச்சர் இல்லையென்றாலும் கேள்வி கேட்பேன். 2024 ஜனவரியில் ஒருநாள் கணவர், "வீட்டுச் சாமானுக்கு மாசம் எவ்வளவு ஆகுது?" என்று கேட்டார். "இருபது, இருபத்திரண்டு இருக்கும்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, நான் சும்மா அடித்துவிட்டிருக்கிறேன் என்று. பிப்ரவரி மாதம் முழுக்க ஒரு ரசீது விடாமல் சேர்த்தேன். கூட்டிப் பார்த்தால் 29,650 ரூபாய். கேஸ் சிலிண்டரும் ஹோட்டல் ஆர்டரும் அதில் இல்லை.

அந்த ஆண்டு ஆகஸ்டில் அதே கணக்கு 21,700 ரூபாய்க்கு வந்து நின்றது. பிப்ரவரியைவிட ஆகஸ்டில் இரண்டு நாள் அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடையில் என்ன செய்தோம், எது பலித்தது, எதில் கையைச் சுட்டுக்கொண்டோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வீட்டு ஆட்கள். மாமனாருக்கு 76 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மாமியார் பத்து வருடங்களுக்கு முன்பு சன்மார்க்க சங்கத்தில் சேர்ந்ததிலிருந்து சுத்த சைவம். முட்டை என்ற சொல்லைக்கூட வாயால் சொல்லமாட்டார், 'அது' என்பார். கணவருக்கு வாரத்தில் மூன்று நாளாவது கறியோ மீனோ வேண்டும். மகன் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு, ஜிம்முக்குப் போகிறான், எதைப் பார்த்தாலும் "இதுல புரோட்டீன் எவ்வளவு?" என்பான். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, குடித்தால் வயிறு உப்பி வலிக்கும். ஆறாவது ஆள் நான். மிஞ்சியதைச் சாப்பிடுவது என் உணவுமுறை.

பிப்ரவரி ரசீதுகளைப் பிரித்தால் இப்படி வந்தது. அரிசி, மாவு, சிறுதானியம் 3,350. பருப்பு, பயறு 1,900. எண்ணெய், நெய் 2,450. பால், தயிர் 4,300. காய், கீரை, பழம் 4,600. கறி, மீன், முட்டை 5,800. காபித்தூள், டீத்தூள், சர்க்கரை, மசாலா வகையறா 2,100. கடைசியாக, எதிலும் சேராமல் நின்ற ஒரு வகை: புரோட்டீன் பவுடர், பாதாம் பால், சர்க்கரை நோயாளிகளுக்கான பிஸ்கட், ஓட்ஸ், மில்லெட் நூடுல்ஸ். அது 5,150.

அதுவரை வீட்டில் செலவுப் பேச்சு எடுத்தாலே கறிதான் பலியாடு. "வாரம் மூணு நாள் கறின்னா இப்படித்தான்" என்று அத்தை சொல்வார். "எல்லாருக்கும் ஒரே சாப்பாடுன்னா பாதி செலவு மிச்சம்" என்பது என் கணவரின் கட்சி. அவர் சொல்லும் அந்த ஒரே சாப்பாடு எது என்று நான் கேட்டதில்லை, எனக்குத் தெரியும். ரசீது வேறு கதை சொன்னது. கறிச் செலவுக்குக் கிட்டத்தட்டச் சமமாகப் பாக்கெட் செலவு நின்றது. அந்தப் பாக்கெட்டுகளில் ஒன்றுகூட வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிற பொருள் இல்லை. வீட்டில் யாருக்காவது ஓர் உணவுக் கட்டுப்பாடு வரும்போதெல்லாம் சமையலை மாற்றாமல் அதற்கென்று ஒரு பாக்கெட்டை வாங்கிவைத்திருக்கிறோம். மாமாவுக்குச் சர்க்கரை வந்ததும் பிஸ்கட் வந்தது. மகன் ஜிம்மில் சேர்ந்ததும் டப்பா வந்தது.

இன்னொரு ஓட்டை குப்பைக்கூடையில் இருந்தது. பிப்ரவரி கடைசி வாரம் கொட்டுகிற எல்லாவற்றையும் தராசில் வைத்துவிட்டுத்தான் கொட்டினேன். அழுகிய காயும் கீரையும் 1.9 கிலோ. மிஞ்சிய சோறும் குழம்பும் 3.4 கிலோ. காரணம் லேசில் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கறிக்குழம்பு. மாமாவுக்கு ஆட்டுக்கறி வேண்டாம் என்பதால் அவருக்கு ஒரு சாம்பார். அத்தை தனக்கென்று சின்னப் பானையில் தனியாக ஒரு சோறு, ரசம், பொரியல் வைத்துக்கொள்வார், தனி எண்ணெய் டப்பாவிலிருந்து. ஒரு வீட்டில் மூன்று சமையல். எதையும் ஒரு ஆளுக்கு என்று அளந்து வைக்க முடியாது, மூன்றுமே மிஞ்சும்.

பிரிகிற இடம்

மார்ச் முதல் தேதி நாங்கள் போட்ட விதி ஒன்றே ஒன்று. எந்தச் சாப்பாடும் முடிந்தவரை கடைசியில் பிரியட்டும். அடுப்பில் ஏறுவது பொதுவாக இருக்கட்டும், தட்டுக்கு வரும்போது அவரவர்க்கு ஏற்ப மாறிக்கொள்ளட்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன், விளங்கும். காலை எட்டரைக்குள் சைவச் சமையல் முடிந்துவிடும்: சோறு, முருங்கைக்காய் சாம்பார், பீன்ஸ் பொரியல், சுண்டல். அத்தை அதிலிருந்தே எடுத்துக்கொள்வார், தனிப் பானை கிடையாது. மாமாவுக்குப் பொரியலும் சுண்டலும் அதிகம், சோறு ஒரு சின்னக் கிண்ணம். மகனுக்கு அதோடு நான்கு அவித்த முட்டை. மகளுக்குத் தயிர். சைவம் எல்லாம் முடிந்த பிறகு, பின்கட்டு அடுப்பில், தனிச் சட்டியில், கணவருக்கும் மகனுக்கும் நெத்திலி வறுவல். அசைவம் குழம்பாக இருந்தவரை அதுதான் முழுச் சாப்பாடு. தொட்டுக்கையாக மாறியதும் ஒரு கிலோ போன இடத்தில் அரைக்கிலோ போதுமாயிற்று.

அத்தை சம்மதித்தது எப்படி என்று பலர் கேட்டார்கள். வாதாடிப் பார்த்தால் நடந்திருக்காது. "அத்தை, முதல் சமையல் உங்களோடது. நீங்க சமைச்சு எடுத்து வைக்கிற வரைக்கும் பின்கட்டு அடுப்பைப் பத்தவைக்க மாட்டோம்" என்றேன். வீட்டின் பொதுச் சமையல் அவர் கைக்குப் போனது. அவருடைய சாம்பாரைத்தான் கறி தின்கிறவர்களும் சாப்பிட வேண்டும் என்று ஆனதும், அவருக்கு மறுக்கக் காரணம் எதுவும் இருக்கவில்லை. சட்டி, கரண்டி, வெட்டுப்பலகை எல்லாம் இரண்டு செட் வேண்டும். அது ஏற்கெனவே இருந்தது.

புரோட்டீன் டப்பாவுக்கு எதிராக ஒரு கணக்கு

மகனிடம் "வேண்டாம்" என்று சொல்லிப் பயனில்லை. ஒரு கிராம் புரதத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று அவனையே கணக்குப் போடச் சொன்னேன். விலைகள் அன்றைக்கு எங்கள் ரசீதில் இருந்தவை. பவுடர் ஒரு கிலோ 2,800 ரூபாய், அதில் புரதம் ஏறக்குறைய 720 கிராம்: கிராமுக்கு 3 ரூபாய் 90 காசு. முட்டை ஆறு ரூபாய், ஒன்றில் சுமார் 6 கிராம்: ஒரு ரூபாய். கிலோ 170 ரூபாய் துவரம்பருப்பில் நூறு கிராமுக்குச் சுமார் 22 கிராம்: 77 காசு. நிலக்கடலை 56 காசு. பொட்டுக்கடலை 50 காசு. சோயா உருண்டை 30 காசு. ஆட்டுக்கறி எலும்பெல்லாம் போக, பவுடரைவிடவும் அதிகம்.

பருப்புப் புரதமும் முட்டைப் புரதமும் தரத்தில் ஒன்றல்ல, உடம்பு எடுத்துக்கொள்ளும் அளவும் வேறு. அதை அவனே சொன்னான், சரிதான். ஆனாலும் 3.90க்கும் 1.00க்கும் உள்ள தூரத்தை அந்த வித்தியாசம் நிரப்பாது. அடுத்த சண்டை எவ்வளவு வேண்டும் என்பதில். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 68 கிலோ எடையுள்ள என் மகனுக்கு அது 56 கிராம். ஜிம் பயிற்சியாளர் சொன்னது 136. நூறு என்று சமரசம் ஆனோம். அந்த மே மாதமே அதே நிறுவனம் புதிய உணவு வழிகாட்டி வெளியிட்டு, புரதப் பவுடர்களைத் தவிர்க்கும்படி சொன்னது. அந்தச் செய்தியை நான் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். மகன் ஒரு கட்டைவிரலைப் பதிலாகப் போட்டான்.

டப்பா தீர்ந்ததும் புதிது வாங்கவில்லை. முட்டை மாதம் 150இலிருந்து 180 ஆனது. சாயங்காலம் கடலை, பொட்டுக்கடலை, சுண்டல். இதனால் பருப்பு, பயறு செலவு ஆகஸ்டில் 2,200 ஆக ஏறியது. கணக்கில் ஏறிய ஒரே வகை அதுதான். இந்த ஏற்றத்தில் எனக்கு வருத்தமில்லை. அத்தையும் மாமாவும் சாப்பிடும் சுண்டலும் அதில்தான் வருகிறது.

சோயா உருண்டை மட்டும் எடுபடவில்லை. முப்பது காசுக் கணக்கில் மயங்கி இரண்டு கிலோ வாங்கிவிட்டேன். அத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏம்மா, இதென்ன கறி கணக்கா இருக்கு? எனக்கு வேணாம்" என்று தட்டைத் தள்ளினார். கணவரோ "கறி மாதிரியே இல்லையே" என்றார். ஒன்றரைக் கிலோ பக்கத்து வீட்டுக்குப் போனது.

மாமாவும் மகளும்

மாமாவின் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் படித்தேன். மாவும் எண்ணெயும்தான் முன்வரிசையில் இருந்தன. அதற்கு மூன்று மடங்கு விலை. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவமனையில் உணவு ஆலோசகர் சொன்னது எளிமையாக இருந்தது: தட்டில் பாதி காய், கால்பங்கு சோறு, கால்பங்கு பருப்போ சுண்டலோ. மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் சோற்றைத் திடீரென்று வெட்டக்கூடாது, சர்க்கரை இறங்கிவிடும் என்றும் சொன்னார். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைத்தோம். ஓட்ஸும் மில்லெட் நூடுல்ஸும் நின்றன. காலையில் கம்பு தோசையோ கேழ்வரகு அடையோ, அது எல்லோருக்கும்தான்.

மகள் விஷயம் நான் பயந்த அளவுக்கு இல்லை. பாதாம் பால் பாக்கெட்டில் பாதாம் சில சதவீதம்தான் இருந்தது, மீதி தண்ணீரும் சர்க்கரையும். பாலில் இருக்கும் லாக்டோஸ்தான் அவளுக்குச் சிக்கல். உறையூற்றும்போது அதில் ஒரு பங்கு குறைந்துவிடும். டாக்டர் சொல்லித் தயிரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தோம், ஒத்துக்கொண்டது. சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகும் எள்ளுருண்டையும் முருங்கைக்கீரையும். கேழ்வரகில் நூறு கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. கேழ்வரகுக் கூழை அவள் குடிக்கமாட்டாள், அது வேறு. அடையாகத் தட்டினால் சாப்பிடுகிறாள்.

வாங்குகிற விதம்

இதைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள், ஆனால் மிச்சத்தில் இதன் பங்கு இரண்டாவதுதான்.

காய்க்கு அண்ணா நகர் உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை இதுதான், 1999 நவம்பர் 14 அன்று திறந்தார்கள். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர், ஆனாலும் பல வருடமாகத் தெருமுனைக் கடையில்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். பலகையில் அன்றைய விலை எழுதியிருக்கும், பேரம் பேசும் வேலை இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமாக வாங்கியதை இரண்டாகப் பிரித்ததுதான் முக்கியம். ஞாயிறும் புதனும். கீரை அழுகுவது நின்றது.

அரிசிக்குக் கீழமாசி வீதி மொத்தக் கடை. 26 கிலோ மூட்டை ஏன் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. ஒரு கிலோவைக் கூட்டிவிட்டால் வரி இல்லை. கணக்கு எழுதுகிறவளாக அந்த மூட்டையைப் பார்த்து எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது.

எண்ணெய் பாக்கெட்டில் நான் ஏமாந்துகொண்டிருந்தேன். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்க வேண்டும். பார்க்க லிட்டர் பாக்கெட் போலவே இருக்கும், உள்ளே 800, 850 கிராம். இப்போதெல்லாம் பாக்கெட்டில் ஒரு கிராமுக்கோ மில்லிக்கோ என்ன விலை என்று பொடி எழுத்தில் போட்டாக வேண்டும். அதைப் பார்த்து வாங்கினால் போதும்.

ரேஷன். எங்களுடையது அரிசி அட்டை. சர்க்கரை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை விட்டிருந்தோம், ஏதோ கௌரவக் குறைச்சல் மாதிரி. துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய், அரிசி இலவசம். வெளியே பருப்பு 170 விற்கும்போது இதை விட்டது சுத்த மடத்தனம். ரேஷன் புழுங்கலரிசி இட்லிக்கு அருமையாக வந்தது, கடையில் மாவு வாங்குவது நின்றது. பாமாயிலை அப்பளம், வடைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். மே மாதம் பருப்பும் பாமாயிலும் வரவில்லை. மே மாத ஒதுக்கீட்டை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது, வாங்கிக்கொண்டோம். ரேஷனை மட்டும் நம்பித் திட்டம் போட்டால் இப்படி ஒரு மாதம் இடிக்கும்.

பாலில் மாற்றம் சின்னது. முன்பு தினமும் நான்கு ஆரஞ்சுப் பாக்கெட் ஆவின், அரை லிட்டர் 30 ரூபாய், கொழுப்பு 6 சதவீதம். தயிர் தனியாகக் கடையில். இப்போது காபிக்கு ஒரு ஆரஞ்சு, மற்றதற்கு நான்கு நீலம், அது 2024இல் 20 ரூபாய், கொழுப்பு 3 சதவீதம். தயிர் வீட்டிலேயே உறை ஊற்றுகிறோம். காபியில் கைவைத்திருந்தால் மாமா இந்தத் திட்டத்தையே கவிழ்த்திருப்பார்.

மீன், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் விலை கிட்டே போக முடியாது. அந்த இரண்டு மாதமும் கண்மாய் மீன், கட்லாவும் ஜிலேபியும். கணவருக்கு அதில் முள் அதிகம் என்று குறை. தடை முடிந்ததும் சாளையும் நெத்திலியும்.

ஏப்ரல் சறுக்கல்

மாதக் கணக்கு நேராக இறங்கவில்லை. மார்ச் 27,800. ஏப்ரல் 27,100. அப்புறம் 25,400, 23,900, 23,350, கடைசியில் 21,700. ஏப்ரலில் நின்றுபோனதற்குக் காரணம் நான்தான். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று சாமை, குதிரைவாலி ஐந்தைந்து கிலோ வாங்கினேன். கம்பை ஐந்து கிலோ ஒரே நடையில் மில்லில் அரைத்தேன். மதுரை ஏப்ரல் வெயில். பதினைந்து நாளில் கம்பு மாவு கசந்துவிட்டது. கம்பில் இருக்கும் கொழுப்பு அரைத்ததும் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும் என்பது அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. "கேட்டியா நீ?" என்றார். சாமையில் வண்டு. 640 ரூபாய் குப்பைக்கும் மாட்டுக்கும் போனது. இப்போது சிறுதானியம் ஒரு கிலோவுக்கு மேல் வீட்டில் இருப்பதில்லை.

இன்னொரு செலவு எந்த ரசீதிலும் வராது. மார்ச்சில் காலையில் எனக்கு ஐம்பது நிமிட வேலை கூடியது. மாவு அரைப்பு, உறை ஊற்றல், சுண்டல் ஊறவைத்தல், இரண்டு அடுப்பு. மூன்றாவது வாரம் ஒருநாள் ஆபீஸுக்குத் தாமதமாகப் போய் மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்று ராத்திரி நோட்டில் ஒரு புதுப் பத்தி போட்டு 'என் நேரம்' என்று தலைப்பிட்டு எல்லோர் முன்னாலும் வைத்தேன். ஒருவரும் பேசவில்லை, ஆனால் வேலை பிரிந்தது. சந்தை கணவருக்கு. முட்டை அவிப்பதும் கிரைண்டரும் மகனுக்கு. தயிர் மகளுக்கு. கீரை ஆய்வது மாமாவுக்கு, டிவி பார்த்துக்கொண்டே. ஜூனில் என் ஐம்பது நிமிடம் பதினைந்தாகிவிட்டது. யாராவது இந்த முறையை எடுத்துச் செய்வதானால் இந்தப் பத்தியை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

எங்கே மிச்சமானது

மொத்தம் 7,950 ரூபாய் குறைந்தது. ஆகஸ்ட் கணக்கு: அரிசி, மாவு 2,790. பருப்பு 2,200. எண்ணெய் 1,950. பால் 3,410. காய், பழம் 3,900. கறி, மீன், முட்டை 4,500. மற்ற மளிகை 1,750. பாக்கெட் வகை 1,200. அதாவது குறைந்ததில் பாதி, 3,950 ரூபாய், பாக்கெட்டிலிருந்து மட்டுமே வந்தது. கறியில் மிச்சம் 1,300. கணவர் வாரம் மூன்று நாளை விட்டுக்கொடுக்கவில்லை. ஆட்டுக்கறி மட்டும் மாதம் இரண்டு தடவையிலிருந்து ஒன்றானது.

இன்னும் 1,200 பாக்கெட்டில் நிற்கிறது. மகன் தேர்வு நேரத்தில் வாங்கும் புரோட்டீன் பாரும், மாமாவின் பிஸ்கட்டும். ஆமாம், பிஸ்கட். நாங்கள் நிறுத்தியதும் அவர் கடையில் தானே வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டார். ரசீதை மட்டும் ஒழுங்காக என்னிடம் கொடுத்துவிடுகிறார்.

செப்டம்பரில் கணக்கு 22,380 ஆனது. 14ஆம் தேதி சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை ஏற்றினார்கள், சூரியகாந்தி எண்ணெய் உடனே ஏறிவிட்டது. மறுபக்கம் 17ஆம் தேதி புரட்டாசி பிறந்தது. கணவர் விரதம், ஊரில் பாதிப் பேர் விரதம். கறிக்கடையில் கூட்டம் இல்லை, முட்டை விலை இறங்கியது. வீட்டில் அசைவம் மகனுக்கு மட்டும், அதுவும் முட்டை மட்டும்.

அந்த மாதம் ஆபீஸில் எனக்கு ஆடிட் வேலை. நோட்டு எழுதும் பொறுப்பை அத்தை எடுத்துக்கொண்டார். மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்க உட்கார்ந்தேன். பருப்பு, புளி, வெல்லம் என்று குண்டு குண்டான கையெழுத்து. 22ஆம் தேதிக்கு நேராக: 'அது – 30 – 165 ரூ.'